முதலில் பிள்ளைக்குத் தெரியட்டும்

பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்க நிலை) இருக்கிறது என்று மருத்துவர் கொடுத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தெம்பனிஸ் வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புளோக்குக்குக் கீழேயும் ரவுண்ட் மார்க்கெட்டிலும் பழைய மாணவர்கள் இன்றும் எதிர்ப்படுகிறார்கள். அவர்களே இப்போது பெற்றோர். "டீச்சர், இதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது? சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்கிறார்கள்.

தம்பி, தங்கைகளே, என் பதில் ஒன்றுதான். அந்த அறிக்கை உங்கள் பிள்ளையைப் பற்றியது. ஆகவே அது பிள்ளைக்குச் சொந்தம். உங்கள் வாயால், முழுதாக, உண்மையாகச் சொல்லி அதைப் பிள்ளையின் கையில் ஒப்படைக்க வேண்டும். சொல்வதோடு வேலை முடியாது. தன் நிலையைத் தானே பார்த்துக்கொள்ளும் திறமையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அதற்கான வழிகளைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் நீங்கள் தெளிவு பெறுங்கள்

பயந்துகொண்டே சொன்னால் பிள்ளைக்கும் பயம்தான் போய்ச் சேரும். பேசுவதற்கு முன் படியுங்கள், மருத்துவரைக் கேளுங்கள். ஏடிஎச்டி நேற்று முளைத்தது இல்லை. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-லேயே லண்டனில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியிருக்கிறார். உலக அளவில் ஏறக்குறைய 5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இது உண்டு என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நாற்பது பேர் வகுப்பென்றால் இருவர். பரம்பரையின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு வரை என்பது இரட்டையர் ஆய்வுகளின் கணக்கு. நீங்கள் கொடுத்த இனிப்போ, கைப்பேசியோ, வளர்த்த விதமோ இதை உண்டாக்கவில்லை.

இதில் மூன்று வகை உண்டு. சிலருக்குக் கவனம் நிலைக்காது. சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது, பொறுமை இராது. பலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். முதல் வகைப் பிள்ளைகள் வகுப்பில் யாருக்கும் தொல்லை கொடுப்பதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். பெண்பிள்ளைகள் பலர் இந்த வகை. அதனால்தான் தொடக்கப்பள்ளியில் யார் கண்ணிலும் படாமல், உயர்நிலைப்பள்ளியில் பாடச்சுமை ஏறியபிறகு வெளியே தெரிகிறார்கள். 'இத்தனை வருஷம் இல்லாதது இப்போது எப்படி வந்தது?' என்று குழம்பாதீர்கள். அறிகுறிகளில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அவை வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் விதி. பழைய மதிப்பெண் அறிக்கைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். தடயம் அங்கே இருக்கும்.

2. மறைக்காதீர்கள், தள்ளிப்போடாதீர்கள்

"தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்" என்று சொல்லும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். உங்கள் பிள்ளை தனக்கு ஏற்கெனவே என்ன பெயர் வைத்திருக்கிறான் தெரியுமா? மக்கு, சோம்பேறி, எதற்கும் லாயக்கில்லாதவன். ஆண்டுக்கணக்காக எல்லாரும் சொல்லிச் சொல்லி அவன் நம்பிவிட்ட பெயர்கள் இவை. இவற்றோடு ஒப்பிட்டால் மருத்துவர் சொன்ன பெயர் கருணையானது.

பதினான்கு வயதுப் பிள்ளையிடம் எதையும் நெடுநாள் மறைக்கவும் முடியாது. மருந்துப் பெட்டியில் அச்சடித்திருப்பதை வாசிப்பான். மருத்துவமனைச் செய்தி உங்கள் கைப்பேசியில் வரும்போது பார்ப்பான். பிறகு தானே இணையத்தில் தேடுவான். அப்போது அவனுக்கு இரண்டு செய்திகள் கிடைக்கும். தனக்கு ஏடிஎச்டி என்பது ஒன்று. பெற்றவர்களே வெட்கப்பட்டு மறைக்கும் அளவுக்கு அது கேவலமானது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் ஆறாத காயம்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார். சில வாரங்களில் அவருடைய மருத்துவ ஆவணங்களை இணையத் திருடர்கள் வெளியிட்டார்கள். தனக்கு ஏடிஎச்டி இருப்பதையும் சிறு வயதிலிருந்தே மருந்து எடுப்பதையும் அவர் அன்றே வெளிப்படையாகச் சொன்னார்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். பத்தொன்பது வயதில் அப்படி நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், தன்னைப் பற்றிய உண்மை ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

3. இடத்தையும் நேரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்

தேர்வுக்கு முதல் நாள் வேண்டாம். மதிப்பெண் குறைந்து திட்டு வாங்கிய அன்று வேண்டவே வேண்டாம். தண்டனை போலக் காதில் விழும். தம்பி தங்கை முன்னாலும், பெரியம்மா வந்திருக்கும்போதும் பேசாதீர்கள்.

பதின்ம வயதினருக்கு எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துப் பேசினால் விசாரணை மாதிரி இருக்கும். பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் வாய் திறப்பார்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குப் போகும் தெம்பனிஸ் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. டவுன்டவுன் பாதையில் ஏறினால் ரயில் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். மருத்துவமனையிலிருந்து தேக்காவுக்குப் பொடிநடையாக வந்து, பிள்ளைக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட்டமில்லாத பக்கத் தெருவில் மெதுவாக நடந்தபடி பேச்சைத் தொடங்கலாம். வீட்டுப் பக்கமே பேசலாம் என்றால் தெம்பனிஸ் இக்கோ கிரீன் பூங்கா போதும். தாய், தந்தை இருவரும் ஒரே சொல்லைச் சொல்ல முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

4. பெயரைச் சொல்லுங்கள், உடைத்துச் சொல்லுங்கள்

சுற்றி வளைக்க வேண்டாம். மூன்று விஷயம் போதும்: இதன் பெயர் என்ன, இது எதை விளக்குகிறது, இது எதைக் குறிக்கவில்லை. பேச்சு இப்படிப் போகலாம்:

"டாக்டர் நிறைய கேள்வி கேட்டாங்கல்ல, ஸ்கூல்ல எப்படி, வீட்டுல எப்படின்னு. ரிப்போர்ட் வந்திருக்கு. உனக்கு ஏடிஎச்டி இருக்குன்னு சொல்றாங்க."

"அப்படின்னா? நான் என்ன பைத்தியமா?"

"இல்லய்யா. கவனத்தையும் அவசரத்தையும் பார்த்துக்கிற மூளைப் பகுதி உனக்குக் கொஞ்சம் தாமதமா முதிருது. ஹோம்வொர்க்கைச் செஞ்சு முடிச்சுட்டு மேசையிலயே விட்டுட்டுப் போறியே, அது இதனாலதான். உனக்குப் புத்தி குறைச்சல்னு அர்த்தம் இல்ல."

"அப்ப நான் சோம்பேறி இல்லயா?"

"இல்ல. நாங்க உன்னை அப்படிச் சொன்னது தப்பு. இனிமே சொல்ல மாட்டோம்."

இதில் 'தாமதமாக முதிர்கிறது' என்பது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட மூளைப் படங்களின் ஆய்வில், மூளையின் புறணி உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை, ஏடிஎச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை என்று கண்டார்கள். வளர்ச்சியின் வரிசை ஒன்றுதான். வந்து சேரும் காலம் பின்னால். திட்டமிடும் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். பதினைந்து வயது மகன் தன் பையை அடுக்குவதில் பன்னிரண்டு வயதுப் பையனைப் போல நடந்துகொள்வது ஏன் என்று இது உங்களுக்கும் விளக்கும்.

அவன் வாழ்க்கையிலிருந்தே இரண்டு உதாரணம் சொல்லுங்கள். 'பிடித்த விளையாட்டை மூன்று மணி நேரம் அசையாமல் ஆடுகிறாயே, பாடத்தில் மட்டும் எப்படிக் கவனம் போகிறது?' என்ற பழைய வழக்கை இங்கே திறக்காதீர்கள். ஆர்வம் இழுக்கும் இடத்தில் கவனம் ஒட்டிக்கொள்வதும், ஆர்வமில்லாத இடத்தில் பிடித்து நிறுத்த முடியாமல் போவதும் இந்த நிலையின் இயல்பே. "இது ஒரு வரம், நீ பெரிய ஆளா வருவே" என்று பிரபலங்களின் பட்டியலையும் அடுக்காதீர்கள். கணக்குப் பாடத்தில் தத்தளிப்பவனுக்கு அது கேலியாகத் தோன்றும்.

5. எந்த உணர்ச்சி வந்தாலும் இடம் கொடுங்கள்

சில பிள்ளைகள் பெருமூச்சு விட்டு, "அப்பவே நினைச்சேன்" என்பார்கள். சிலர் அழுவார்கள். சிலர் "ஓகே" என்று காதில் இயர்போனைச் செருகிக்கொள்வார்கள். "டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்துபவர்களும் உண்டு. எதையும் அப்போதே திருத்த முயலாதீர்கள். "சரி, யோசிச்சுப் பாரு. எப்ப வேணும்னாலும் கேளு" என்று நிறுத்துங்கள். சில நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போதோ லிஃப்டில் இறங்கும்போதோ திடீரென்று கேட்பார்கள். உண்மையான உரையாடல் அப்போதுதான் தொடங்கும். கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஏடிஎச்டி உள்ள பதின்ம வயதினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவது அரிது இல்லை. வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், நட்பு எல்லாவற்றிலும் பற்று விட்டுப்போனாலோ, வாழ்வே வேண்டாம் என்பது போலப் பேசினாலோ காத்திருக்காதீர்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1771. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் எண் 1767. இரண்டும் இரவு பகலாக இயங்குகின்றன. இந்த எண்களைப் பிள்ளையின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

6. விளக்கம் கிடைத்துவிட்டது; பொறுப்பு அப்படியே இருக்கிறது

"எனக்கு ஏடிஎச்டி, அதான் செய்யல" என்று ஒருநாள் பிள்ளை சொல்லும். கோபப்படாதீர்கள், விட்டும் கொடுக்காதீர்கள். "மறந்ததுக்குக் காரணம் புரியுது. அடுத்த தடவை மறக்காம இருக்க என்ன வழி வைக்கலாம்?" என்று கேளுங்கள். தங்கையை அடித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். பள்ளிக்குத் தாமதமானால் அதன் விளைவை ஏற்க வேண்டும். தவறைச் சுட்டிய பிறகு வழியையும் சேர்ந்து தேடிக் கொடுப்பதுதான் நீங்கள் புதிதாகச் செய்ய வேண்டியது.

7. யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

நம் குடும்பங்களில் செய்தி வேகமாகப் பரவும். காலையில் அக்காவிடம் சொன்னால் மாலையில் வாட்ஸ்அப் குழு முழுக்க அனுதாபம். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் மாமா, "என்னடா, உனக்கு ஏதோ பிராப்ளமாமே?" என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்பார். அன்றைக்கு உங்கள்மீது பிள்ளை வைத்திருந்த நம்பிக்கை போய்விடும்.

ஆகவே பிள்ளையோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். வகுப்பாசிரியருக்கு? சரி. சிண்டா துணைப்பாட வகுப்பு ஆசிரியருக்கு? அவன் சம்மதித்தால். நண்பர்களுக்கு? அது முழுக்க அவன் விருப்பம். வீட்டோடு இருக்கும் தாத்தா பாட்டிக்கு எளிமையாகச் சொல்லியே ஆக வேண்டும். தினமும் அவனைப் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது? நாலு போட்டா சரியாகும்" என்று அவர்கள் சொன்னால் மரியாதையோடு மறுத்துப் பேசுங்கள். பிள்ளை பார்க்க அவனுக்காகப் பேசுங்கள்.

தந்தைமாருக்கும் தாய்மாருக்கும் தனியாக ஒரு சொல். அறிக்கையைப் படிக்கும்போது 'இது என் கதை மாதிரி இருக்கிறதே' என்று உங்களுக்குத் தோன்றலாம். பரம்பரை என்பதால் அது சாத்தியமே. சிங்கப்பூரில் மூன்லேக் லீ என்ற தாய், மகளுக்கு ஏடிஎச்டி இருப்பது தெரியவந்த பிறகு 2021-ல் 'அன்லாக்கிங் ஏடிஎச்டி' அமைப்பைத் தொடங்கினார். அவருக்கும் அந்த நிலை இருப்பது நடுவயதில் உறுதியானது. அந்த அமைப்பு பெற்றோருக்கும் இளையருக்கும் ஆதரவுக் குழுக்கள் நடத்துகிறது. 'ஸ்பார்க்' என்ற சங்கமும் இத்துறையில் பெற்றோருக்குத் துணையாக இருந்திருக்கிறது. இதே பாதையில் நடந்தவர்களோடு பேசுங்கள். பாதிப் பாரம் இறங்கிவிடும்.

8. பள்ளியோடு கை கோத்துக்கொள்ளுங்கள்

பள்ளிக்குத் தெரிந்தால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். தெரியாத ஆசிரியர் இவனை அடங்காதவன் என்றுதான் நினைப்பார். அந்த முத்திரையைவிட உண்மை தெரிவது மேல். வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகர், சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் அதிகாரி ஆகியோரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். பள்ளி ஆலோசகர் வழியாகச் சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 'ரீச்' குழுவின் உதவியும் கிடைக்கும்; 2007 முதல் பள்ளிகளோடு இணைந்து செயல்படும் குழு அது.

சந்திப்புக்குப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். தனக்கு எது உதவும் என்று அவன் சொல்லட்டும். பொதுவாக, "பார்த்துக்குங்க டீச்சர்" என்று முடித்துக்கொண்டு வராதீர்கள், குறிப்பாகக் கேளுங்கள். முன்வரிசையில் இடம், பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருவது, வீட்டுப்பாடத்தை வாயால் சொல்வதோடு எழுத்திலும் தருவது, நடுவே எழுந்து தாள்களை விநியோகிக்கும் பொறுப்பு. இவை எந்த ஆசிரியரும் கொடுக்கக்கூடியவை.

தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற சிறப்பு ஏற்பாடுகளுக்குப் பள்ளி மூலமாகச் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிபுணரின் அண்மைய அறிக்கை தேவைப்படும். தேர்வாண்டு பிறக்கும் முன்பே பள்ளியில் விசாரித்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் கதவு மூடியிருக்கும்.

இன்னொன்றும் உங்கள் கவலையைக் குறைக்கும். 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து பழைய விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் அதற்கேற்ற நிலையில் படிக்கலாம். கணிதம் ஒரு நிலையிலும் மொழி இன்னொரு நிலையிலும் இருப்பது இனி இயல்பு. திறமைகள் ஏறுமாறாக இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். மேல்படிப்பிலும் துணை உண்டு. தெம்பனிஸில் இருக்கும் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும், சீமெய்யில் இருக்கும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கென்றே ஆதரவுப் பிரிவு செயல்படுகிறது.

9. மருந்து பற்றிய முடிவில் பிள்ளைக்குப் பங்கு கொடுங்கள்

மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர், பெற்றோர், பிள்ளை மூவரும் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். வலுக்கட்டாயமாகக் கொடுத்த மாத்திரை பதினாறு வயதில் குப்பைத்தொட்டிக்குப் போகும்.

அதிகம் கொடுக்கப்படும் மருந்து மெதில்ஃபெனிடேட். ரிட்டலின், கான்செர்டா என்ற பெயர்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூளையில் டோபமைன், நோர்அட்ரினலின் என்ற இரு வேதிப்பொருள்கள் செயல்படுவதை அது கூட்டுகிறது. குறுகிய வகை ஏறக்குறைய நான்கு மணி நேரமும், நீண்ட வகை பன்னிரண்டு மணி நேரம் வரையும் வேலை செய்யும். அட்டோமொக்செட்டின் வேறு வகை. பலன் தெரியச் சில வாரமாகும். மருந்து ஏடிஎச்டியை நீக்கிவிடாது. கவனத்தை நிறுத்த உதவும். அந்த நேரத்தில் நல்ல பழக்கங்களை ஊன்றுவது நம் வேலை.

பக்கவிளைவுகளில் வீட்டார் முதலில் காண்பது பசியின்மை. காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாடு மதியம் அப்படியே திரும்பி வரும். இரவு ஒன்பது மணிக்குப் பசியோடு அடுப்படியில் நிற்பான். 'நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாதா?' என்று கேட்காதீர்கள். மாத்திரைக்கு முன்பே காலை உணவை வயிறாரக் கொடுங்கள்: இரண்டு தோசை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் மைலோ. இரவு அவன் கேட்கும்போது தோசை வார்க்க மாவு இருக்கட்டும். தூக்கம் கெடுவது, தலைவலி, முகம் வாடிப்போவது எதுவானாலும் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ வகையையோ அவர் மாற்றுவார். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது பார்ப்பதும் அவசியம். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

இது சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. தேர்வு நேரத்தில் நண்பன் ஒரு மாத்திரை கேட்பான். கொடுத்தால் குற்றம் என்று பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். ஜோகூருக்கோ தமிழ்நாட்டுக்கோ போனால் மருந்தை அதன் சொந்தப் பெட்டியிலேயே, மருத்துவர் கடிதத்தோடு எடுத்துச் செல்லுங்கள். போகும் நாட்டின் விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

10. நினைவாற்றலை நம்பாதீர்கள், வீட்டைச் சரிப்படுத்துங்கள்

'ஞாபகம் வச்சுக்கோ' என்று ஏடிஎச்டி பிள்ளையிடம் சொல்வதில் பயனில்லை. நினைவில் வைக்க வேண்டியதைக் கண்ணில் படும்படி வையுங்கள். பள்ளிப்பையை இரவே கதவோரம் வைக்கட்டும். காலணியும் பேருந்து அட்டையும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தக் கதவில் நான்கே வரியில் ஒரு சீட்டு, பிள்ளையின் கையெழுத்திலேயே: தண்ணீர், கைப்பேசி, வீட்டுப்பாடம், உடற்பயிற்சி உடை. நீங்கள் எழுதி ஒட்டினால் கட்டளை. அவன் எழுதினால் அவன் ஏற்பாடு.

அறையில் முள் நகரும் கடிகாரம் மாட்டுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் கழிவது உள்ளுக்குள் உறைக்காது; கண்ணால் பார்க்க வேண்டும். இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது என்று பிரித்துக்கொள்ளட்டும். படிக்கும்போது கைப்பேசி வேறு அறையில். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஓர் ஆள் அருகில் இருந்தாலே பலருக்கு வேலை ஓடும். வீட்டில் இடமில்லையென்றால் தெம்பனிஸ் ஹப் கட்டடத்திலுள்ள வட்டார நூலகத்துக்குச் சேர்ந்து போங்கள்.

உறக்கத்தையும் உடலுழைப்பையும் மருந்துக்குச் சமமாக மதியுங்கள். நீச்சல், சிலம்பம், காற்பந்து, சைக்கிள், எதுவாக இருந்தாலும் சரி. மதிப்பெண் குறைந்தால் இணைப்பாட நடவடிக்கையை நிறுத்தும் தண்டனையை மட்டும் கொடுக்காதீர்கள். நாள் முழுக்க அவன் வெற்றி பெறும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

11. திட்டைக் குறைத்து உறவைக் காப்பாற்றுங்கள்

காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை பிள்ளையிடம் நீங்கள் சொல்பவற்றில் எத்தனை குறை, எத்தனை நல்ல சொல் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்த எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் பள்ளிக்குப் போவது முதல் என்றால், அறை அலங்கோலமாக இருப்பதை அந்த மாதம் கண்டுகொள்ளாதீர்கள். பாராட்டும்போது "குட் பாய்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இன்னிக்கு நான் கூப்பிடாமலே எழுந்துட்ட" என்று செய்த செயலைச் சொல்லுங்கள், அதுவும் உடனே.

ஏடிஎச்டி உள்ள இளையர் புகைப்பழக்கத்துக்கும் பிற ஆபத்தான பழக்கங்களுக்கும் எளிதில் இழுபடக்கூடியவர்கள். மின்சிகரெட் எவனாவது நீட்டும்போது, வீட்டில் உண்மையைப் பேச முடியும் என்ற தைரியம்தான் பிள்ளையைக் காக்கும்.

12. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுங்கள்

பதின்மூன்று வயதில் மாத்திரையை நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். பதினைந்தில் அவனே எடுக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பதினாறில் மருத்துவரிடம் முதல் பத்து நிமிடம் அவன் மட்டும் பேசட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள். பதினேழில் அடுத்த சந்திப்புக்கான தேதியை அவனே பதிந்துகொள்ளட்டும். சிறுவர் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறும் வயதில்தான் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

மகன்களுக்குப் பதினாறரை வயதில் தேசிய சேவைப் பதிவு வரும். மருத்துவப் பரிசோதனையில் ஏடிஎச்டியையும் மருந்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிபுணரின் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். துப்பாக்கியும் வாகனமும் கையாளும் இடத்தில் மறைப்பது அவனுக்கும் உடனிருப்பவர்களுக்கும் ஆபத்து.

'எழுதி வைத்தால் வேலை கிடைக்காமல் போகுமோ?' என்ற பயமும் உங்களுக்கு உண்டு என்று தெரியும். வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநலம் பற்றிக் கேட்கக்கூடாது என்று முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் 2020-ல் திருத்தப்பட்டன. மனநல நிலையையோ உடற்குறையையோ காரணம் காட்டி வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஊர் மாறிக்கொண்டிருக்கிறது, நம் வீடுகள் பின்தங்க வேண்டாம்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் அடைய வேண்டிய இலக்கு நல்ல மதிப்பெண்ணைவிடப் பெரியது. பதினெட்டு வயதில் உங்கள் மகனோ மகளோ புதிய மருத்துவர் ஒருவர் முன் தனியாக உட்கார்ந்து, "எனக்கு ஏடிஎச்டி இருக்கு. எனக்கு இது கஷ்டம், இது சுலபம், இந்த உதவி வேணும்" என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் எந்தக் கல்லூரியிலும் எந்த முகாமிலும் எந்த அலுவலகத்திலும் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுவார். தன்னைப் பற்றித் தெரியாத பிள்ளையால் அதைச் சொல்ல இயலாது. ஆகவே இந்த வார இறுதியிலேயே ஒரு மாலையை ஒதுக்குங்கள். கணவனும் மனைவியும் சொல்ல வேண்டியதை ஒத்துப் பேசிக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையை அழைத்துக்கொண்டு நடக்கக் கிளம்புங்கள்.